சைகோன் ஐயாவின் அக்கா

போன சனிக்கிழமை பாரிசில், எங்கட ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் கையிலிருந்து மீன் சோஸ் போத்தலொன்று நழுவி விழுந்து உடைந்தது. கடை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது. கடைக்காரர், "ஐயோ அக்கா, கருவாடு தோத்துப்போகும்" என்று சொல்லிக்கொண்டே துடைப்பம் எடுக்கப் போனார். என் மகள் பிரெஞ்சில் என்னவோ முணுமுணுத்துவிட்டு வெளியே போய் நின்றாள். நான் மட்டும் கத்தரிக்காய்ப் பையோடு அந்த இடத்திலேயே நின்றேன். எனக்கு அது நாற்றமில்லை. அது ஒரு மனிதருடைய வெள்ளிக்கிழமை.

அவரைக் கடைக்காரர்கள் சைகோன் ஐயா என்பார்கள். வீட்டு மணியில் மிசியே பெனுவா என்று எழுதியிருக்கும். நான் இந்த நாட்டுக்கு வந்து, பப்பியே என்கிற வதிவிடப் பத்திரம் கிடைத்த கையோடு பிடித்த முதல் வேலை அவருடைய வீட்டைத் துப்பரவாக்குவதுதான். நான் இருந்த புறநகர் வில்லியே லே பெல்லிலிருந்து பஸ்ஸும் ரயிலும் பிடித்து வருவேன். அவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகன் தூரத்தில். முதல் நாள் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரெஞ்சு வணக்கத்தை ஒப்புவிக்க, அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "தமிழ்லயே சொல்லும்மா, எனக்குப் புரியும்" என்றார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

வெள்ளிக்கிழமைகளில் யன்னலெல்லாம் பூட்டிவிட்டு, ஒரு மண்சட்டியில் மீனும் சீனியும் அந்தச் சோஸும் போட்டு வற்றவைப்பார். ஒரு நாள் தாங்கமாட்டாமல் கேட்டேன்: "என்ன ஐயா இது, இப்பிடி மணக்குது?"

"அக்கா வச்சா இன்னும் தூக்கும்" என்றார்.

"உங்களுக்கு அக்கா இருக்கிறாவோ?"

"இல்ல" என்று சொல்லி அடுப்பை அணைத்தார். அடுத்த வெள்ளி, நான் கேட்காமலே, சட்டியைக் கிளறிக்கொண்டு, "இருக்கா" என்றார்.

அவருடைய அப்பா புதுச்சேரிக்காரர். மாசிலாமணியாகப் பிறந்தவர். பிரெஞ்சுப் பிரசையாவதற்காக, தன் சாதி சமய வழக்கச் சட்டத்தையும் பெயரையும் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டு, பெனுவா என்ற பிரெஞ்சுப் பெயர் வாங்கி, கப்பலேறி சைகோனுக்குப் போனார். அங்கே சந்தையில் வரி தண்டுகிற வேலை. பிரான்சுக்காரன் ஆண்ட ஊரில் அவனுக்காக வரி தண்டினவர் ஒரு தமிழர். கடன்பட்டுக் கப்பலேறி வந்த எனக்கு, நம்மவர் ஒருவர் அப்படித் துரையாய்ப் போனது கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை அதிக நேரம் நிற்கவில்லை.

"வெள்ள கோட்டு, வெள்ள தொப்பி. அப்பா தன்னை வெள்ளக்காரன்னே நெனைச்சிக்கினாரு" என்றார் ஐயா. "வரி குடுக்க முடியாத பொம்பளைங்க கூடைய காலால தள்ளுவாரு. மீனெல்லாம் சேத்துல துள்ளும். நான் பக்கத்துல நின்னு சிரிப்பேன்."

வீட்டில் சமைக்க ஒரு வியட்நாம்காரப் பெண் இருந்தா. அவவுக்கு ஒரு மகள், லான். ஐயாவைவிட மூத்தவள். அந்தப் பிள்ளைக்கு அப்படியே மாசிலாமணியின் நெற்றி. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. ஐயாவைத் தூக்கி வளர்த்தது, சோறூட்டினது, காய்ச்சலில் பக்கத்தில் இருந்தது எல்லாம் லான். வெளியாள் முன்னால் அவரைச் 'சின்னதுரை' என்பாள். ஆளில்லாதபோது 'தம்பி'.

பிரான்சுக்காரன் போகிற காலம் வந்தது. இவர்கள் பிரெஞ்சுப் பிரசைகள் என்பதால் கப்பலில் இடம் கிடைத்தது. கப்பலுக்குப் பெயர் பதிகிற கந்தோரில், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். அப்பா ஒன்று என்றார். மீசை முளைத்த இளைஞனாக ஐயா பக்கத்தில் நின்றார். வாய் திறக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் தூரத்துத் துக்கமாகப் போயிருக்கும். ஆனால் லான் ஒரு பிரெஞ்சுச் சிப்பாயைக் கட்டி, அவன் செத்த பிறகு பிள்ளைகளோடு அவவும் பிரான்சுக்கு வந்துவிட்டா. தெற்கே, இந்தோசீனாவிலிருந்து வந்தவர்களைக் குடிவைத்த முகாமொன்றில் இருந்தா. ஐயாவின் தாய் சாகிறபோது இதைச் சொல்லிவிட்டுத்தான் செத்தாவாம். அதற்குப் பிறகும் எத்தனையோ வருசம் ஐயா போகவில்லை.

"ஏன் ஐயா போய்ப் பாக்கேல்லை?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?"

கடைசியில் ஒரு நாள், வருவதாக எழுதிப்போட்டுவிட்டுப் போனோம். அவருக்கு முழங்கால் சரியில்லை, துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். நான் ஏதோ கதிர்காமத்துக்கு யாத்திரை போகிறவள் மாதிரி புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போய், ரயிலில் பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டேன். அவர் ஒரு வாய்கூடத் தொடவில்லை.

பட்டாளத்துக் கொட்டில்கள் மாதிரி நீளமான, பதிந்த வீடுகள். சில நாட்களுக்கென்று கட்டி, ஒரு ஆயுள் முழுக்க ஆட்கள் இருந்துவிட்ட வீடுகள். வாசலில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு சின்ன மனுசி நின்றா. கோழிகளைக் கலைத்துவிட்டு எங்களைப் பார்த்தா.

"வா தம்பி. சப்பாத்த கழட்டிட்டு வா. கொம் வெந்துடுச்சி."

கொம் என்றால் சோறாம். நான் திகைத்துப்போனேன். தமிழ், ஆனால் நான் எங்கும் கேட்காத தமிழ். புதுச்சேரிப் பேச்சில் வியட்நாம் சொல் கலந்து, ஒரு சமையலறைக்குள்ளேயே வளர்ந்த தமிழ். "இங்க பேச ஆளில்ல. கோழிங்ககிட்டதான் பேசுவேன். அதுங்க எதுத்துப் பேசாது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தா. ஐயாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று நினைத்தேன்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவ கேட்டா: "கப்பல் கெளம்பின அன்னிக்கு நான் துறைமுகத்துக்கு வந்தேன், தெரியுமா?"

ஐயா கோப்பையை வைத்தார்.

"கம்பி வேலிகிட்ட நின்னு கைய ஆட்டிக்கினே இருந்தேன். நீ பாக்கல. அவ்ளோ கூட்டத்துல புள்ள எப்படிப் பாக்கும்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அதுல ஒரு ஆறுதல்."

ஐயா அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. "பாத்தேன்க்கா" என்றார். "அப்பா பக்கத்துல இருந்தாரு. கைய தூக்கல."

அவ எழும்பிக் குசினிக்குள் போனா. தண்ணிக்குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அது கனநேரம் மூடப்படவே இல்லை. நான் போகலாமா என்று எழும்ப, ஐயா வேண்டாமென்று கண்ணைக் காட்டினார். பிறகு அவ சோறும் மீனும் கொண்டுவந்து வைத்து, "சாப்பிடு" என்றா. கண் சிவந்திருந்தது. அவர் குனிந்தபடி கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். வாசலில் அவ "போய்ட்டு வா பெனுவா" என்றா. தம்பி என்றில்லை, தனக்குக் கிடைக்காத அந்தப் பெயரால்.

திரும்பி வருகிற ரயிலில் ஐயா சொன்னார்: "பொய் சொல்லியிருக்கணும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் நான் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றவ. நான் ஏறின வான் தெருமுனையில் திரும்பும்வரை நின்றிருப்பா. நான் திரும்பிப் பார்த்தேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற துணிவு வருவதற்குள் அவ இல்லாமல் போய்விட்டா.

அதற்குப் பிறகு ஐயா ஞாயிறு தவறாமல் போன் எடுப்பார். அவவும் கதைப்பா. மழை, கோழி, முழங்கால் நோ. ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டு, "பெனுவான்னுதான் கூப்புடுறா" என்பார். குறையாக இல்லை, இது எனக்கு வேண்டியதுதான் என்கிற மாதிரி. மகனிடம் சொல்லுங்கோ ஐயா என்று எத்தனையோ தரம் சொன்னேன். "சொல்றேன்" என்பார். சொல்லாமலே ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். லானுக்கு நான்தான் போனில் சொன்னேன்.

மாதா கோயிலில் அவருடைய அடக்கப் பூசை தொடங்கியிருந்தது. கதவு திறந்தது. பேரன் ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு லான் வந்து பின்வரிசையில் கடைசி வாங்கில் இருந்தா. ஐயாவின் மகன் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் குனிந்து, யார் அது என்று பிரெஞ்சில் கேட்டான்.

கந்தோரில் ஐயா நின்றது போல இப்போது நான் நின்றேன். இது என் குடும்பமில்லை. நான் வீடு துடைக்க வந்தவள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"உங்கட அப்பாவின்ரை அக்கா" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில். "ஒரே அப்பா."

அவன் எழும்பிப் பின்னால் போய், அவவின் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிவந்து தன் பக்கத்தில் இருத்தினான். பூசை முடிய அவ பெட்டியின்மேல் கை வைத்து, "தூங்கு தம்பி" என்றா. ஐயா அதைக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

பிறகு லானும் போய்விட்டா. அந்தக் கொட்டில்களை இடித்துப் புது வீடுகள் கட்டிவிட்டார்களாம். ஐயாவின் வீட்டில் இப்போது வேறு யாரோ. மகன் வருசத்தில் ஒருமுறை போன் எடுப்பான். போன தடவை, அப்பாவும் அவவும் என்ன மொழியில் கதைத்தார்கள் என்று கேட்டான். தமிழ் என்றேன்.

"நீங்கள் கதைக்கிற தமிழா?"

இல்லை என்றேன். லா சப்பலில் எந்தக் கடைக்குள் போனாலும் தமிழ் காதை அடைக்கும், ஆனால் அது அந்தத் தமிழ் இல்லை. அது ஒரு சமையலறையில் இரண்டு பிள்ளைகள் மட்டும் கதைத்தது. அதில் எனக்குத் தெரிந்தது சோற்றுக்கான ஒரு சொல்தான். அதை அவனுக்குச் சொன்னேன். போனில் அவன் அதை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். லான் சொன்னது போல இல்லை. நான் திருத்தவில்லை, சரியாக எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியாது.