செல் துண்டின் மேல் போட்ட பழி

என் தலையில் ஒரு செல் துண்டு இருக்கிறது, சண்டைக்காலத்து எறிகணையின் சிதறல். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. காலை இழந்தவர்களும் கையை இழந்தவர்களும் சந்தைக்கு வந்து போகிற ஊரில், இடது நெற்றிப்பொட்டு எலும்பில் உழுந்தளவு இரும்பை வைத்துக்கொண்டு யாரிடமும் மதிப்பு எதிர்பார்க்க முடியாது. அது பட்ட விதமும் சொல்லும்படியாக இல்லை. எனக்கு இருபது வயதிருக்கும்போது பக்கத்து வளவில் செல் விழத் தொடங்கியது. வீட்டிலிருந்த எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். நான் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தை மடித்து வைத்துவிட்டு ஓடினேன். மடிக்க எடுத்த நேரம் போதுமாயிருந்தது. அன்று பார்த்த டொக்டர், இதைத் தோண்டி எடுப்பதைவிட விட்டுவைப்பது நல்லது, தன்பாட்டில் கிடக்கும் என்றார். அவர் சொன்னபடியே கிடந்தது.

தலையிடி தொடங்கியது ஐம்பதைத் தாண்டிய பிறகு, ஒரு மாரி காலத்தில். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, பின்னேரத் தேத்தண்ணியைக் குடித்து, வெளிச்சம் மங்கும் நேரத்தில் புத்தகத்தை விரித்தால் இடது புருவத்துக்கு மேலே யாரோ பெருவிரலை வைத்து அமத்துவார்கள். எழுத்துக்கள் புகை படிந்தது போலாகும். வயிற்றைப் பிரட்டும். படுத்து நித்திரை கொண்டால் விட்டுவிடும். வாசிப்பைத் தவிர வேறு சந்தோசம் ஒன்றையும் நான் பழகிக்கொள்ளவில்லை. குடி, சீட்டாட்டம், கோயில் நிர்வாகம் என்று எதுவும் கிடையாது. அதனால் இந்த நோய் என் உடம்பில் சரியான இடத்தைப் பார்த்துத்தான் கை வைத்திருந்தது.

மனைவி வேர்க்கொம்புச் சுக்கை உரைத்து நெற்றியில் பத்துப் போட்டாள். பனடோலை நான் பாக்கு மாதிரிச் சப்பத் தொடங்கினேன். ஆனால் காரணம் என்ன என்பதில் எங்கள் வீட்டிலோ ஊரிலோ ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. செல் துண்டுதான்.

எங்களிடம் இப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது. செத்தவீட்டுப் பந்தலுக்குள் என் வயதுக்காரர் நாலு பேர் கூடினால், பிரேதம் எடுக்கும்வரைக்கும் துண்டுகளைப் பற்றித்தான் கதை. ஒருவருக்குத் தொடையில், ஒருவருக்கு முதுகில். மழைக்கு இரும்பு குளிரும், பறுவத்து நிலவுக்கு இழுக்கும், வயது போகப் போக உள்ளே நடக்கும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். "உமக்கு எங்கை கிடக்கு?" என்று ஒருவர் கேட்டார். காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "தலையிலை கிடக்கிறது சும்மா கிடக்காது, மாஸ்டர்," என்றார். எனக்குக் கிடைத்த முதலாவது வைத்திய ஆலோசனை அது.

இரண்டாவது கனடாவிலிருந்து வந்தது. அண்ணை அங்கே கடை வைத்திருக்கிறார், வைத்தியம் பகுதிநேரம். போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, தலையைக் கொண்டுபோய் அந்த ஸ்கான் மெசினுக்குள்ளை மட்டும் குடுத்திடாதை. அது காந்தம். துண்டை இழுத்து மற்றக் காதாலை எடுத்துவிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இரவெல்லாம் அந்த இரும்பு புறப்பட்டுப் போகும் பாதையை மனதுக்குள் கீறிப் பார்த்தேன். அடுத்த மாதமும் டொக்டரிடம் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் அதே நிலைதான்.

கடைசியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நம்பர் எடுத்துப் போனேன். டொக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்டார். தலையிடி என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் தன் தொழிலைத் தொடங்கியிருப்பார். நான் படித்தவனல்லவா? நோயைச் சொல்லாமல் தீர்ப்பைச் சொன்னேன். "தலையிலை செல் துண்டு ஒண்டு கிடக்கு டொக்டர், அது இப்ப அசையுது." அவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் அது வெள்ளை வெளேரென்று தெரிந்தது. இருவரும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டோம். நரம்பு நோவுக்கு என்று ஒரு குளிசை தந்தார். அது நல்ல குளிசை. தலையிடி வருவதற்கு முன்பே நித்திரை வந்துவிடும். அடுத்து வேறொரு டொக்டரிடம் போனபோது அந்தப் படத்தையும் கொண்டுபோனேன். வாயைத் திறக்கும் வேலைகூட மிச்சம்.

இதற்கிடையில் வேறு சிலவும் நடந்தன. சந்தியில் லைற்றைச் சுற்றி வானவில் மாதிரி வளையங்கள் தெரிந்தன. "இஞ்சை பார், எங்கடை சந்தி லைற்றெல்லாம் சாமியாகிவிட்டுது," என்று மனைவியிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைக்கச் சொன்னாள். பிறகு இடது தோள் கதவு நிலையில் இடிபடத் தொடங்கியது. கிளாஸை மேசையின் இடது பக்கம் வைத்தால் தட்டி ஊற்றினேன். ஒருநாள் சுன்னாகம் சந்தையில் இடப்பக்கம் அடுக்கியிருந்த வெங்காயச் சாக்குக்குள்ளேயே மோட்டார் சைக்கிளை விட்டேன். வெங்காயம் பொறுக்கித் தந்த வியாபாரி, "அண்ணை, கண்ணைப் பிடரியிலை வைச்சுக்கொண்டோ ஓடுறியள்?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் இருந்த மனைவி சிரிக்கவில்லை. அவள்தான் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அடுத்த நாளே என்னைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

கண் டொக்டர் இளம் பெண். நான் வழக்கம்போல எக்ஸ்ரே உறையைத் திறந்து, செல் துண்டின் சரித்திரத்தைத் தொடங்கினேன்.

"அதை வையுங்கோ ஐயா," என்றாள். "நான் கேக்கிறதுக்கு மட்டும் சொல்லுங்கோ. தலையிடி வெளிச்சம் குறையிற நேரத்திலையோ வாறது?"

ஓம் என்றேன்.

"லைற்றைச் சுத்தி நிறமா வளையம் தெரியிறதோ?"

பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்தேன். அவள் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டொக்டர் சொட்டு மருந்து விட்டாள், நீல வெளிச்சத்தை அடித்தாள், கண்மணியை எதாலோ தொட்டு அளந்தாள். விளக்கத்தைச் சுருக்கமாகத் தந்தாள். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியே போகும் வழி இடைக்கிடை அடைபட்டிருக்கிறது. அடைபடும்போதெல்லாம் உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசித்திருக்கிறது. தலையிடி என்று நான் படுத்தது அந்த நேரங்களில்தான். இடது கண்ணில் நடுவே சிறு துவாரமளவு பார்வை மிஞ்சியிருக்கிறது, அதுவும் புகைதான். வலது கண்ணிலும் ஓரம் அரிக்கத் தொடங்கிவிட்டது. லேசரால் வழி திறக்கலாம், சொட்டு மருந்து வாழ்நாள் முழுக்க விடவேண்டும்.

"போன பார்வை திரும்ப வருமோ, டொக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"போனது வராது அம்மா. இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்பம்."

"ஒரு வருசத்துக்கு முன்னம் வந்திருந்தா?"

டொக்டர் கடதாசித் துண்டில் மருந்தின் பெயரை எழுதினாள். கையெழுத்துத் தெளிவாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் வாசிக்க முடியவில்லை.

லேசர் செய்து முடிந்தது. தலையிடி போய்விட்டது. ஒருநாளும் வருவதில்லை. அது இருந்தபோது கண்ணும் இருந்தது என்ற நினைப்பு வந்தால், திரும்பி வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும். அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். அந்தத் துண்டுதான் நரம்பை அடிச்சுப் போட்டுது, டொக்டர்மாருக்கு என்ன தெரியும் என்றார். செத்தவீட்டுப் பந்தலிலும் அதே முடிவுதான். நான் வாதாடவில்லை. அவர்களில் ஒருவருக்கு அடிக்கடி முதுகு நோகிறது. நல்ல டொக்டராய்ப் பார்த்து, துண்டைப் பற்றிச் சொல்லாமல் நோவை மட்டும் சொல்லும்படி சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வலது கண் எவ்வளவு காலம் தாங்கும் என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் அளக்கிறார்கள். நல்லாயிருக்கு என்கிறார்கள். நான் பெரிய எழுத்துப் புத்தகங்களாகத் தேடி வாசிக்கிறேன். பெரிய எழுத்தில் வருபவை பெரும்பாலும் தேவாரமும் சின்னப்பிள்ளைப் பாடமும்தான். அறிவு இரண்டு பக்கத்தாலும் வளர்கிறது.

காலையில் மருந்து விடுவதற்கு முன்னர் மனைவியும் தன்பாட்டில் ஒரு சோதனை வைப்பாள். கிளினிக்கை அவள் நம்புவதில்லை. இன்று காலையும் என் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு முன்னால் நின்றாள்.

"நான் தெரியிறனோ?"

"ஓம்."

"என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறன்?"

சாம்பலாக ஏதோ அசைந்தது. அவளிடம் உள்ளவை இரண்டோ மூன்றோ நிறங்கள்தானே என்று நினைத்து, "நீலம்," என்றேன்.

கையை எடுத்தாள். பச்சை. மருந்துப் போத்தலின் மூடியைத் திறந்தாள்.

"அண்ணாந்து பாருங்கோ," என்றாள்.