பாதி வெளுத்த அண்டா

கழுவி முடித்த பாத்திரத்தை அம்சவல்லி கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள். முப்பது வருடம் தேயிலை கிள்ளிக் காய்த்துப்போன விரல்களுக்குப் பிசுக்குத் தெரியாது. கன்னத்தில் பட்டால் தெரிந்துவிடும். தோட்டத்து லய வீடுகளின் குழாயடியில், பனிமூட்டத்துக்குள், சட்டியோடு ரகசியம் பேசுகிறவள்போல அவள் நிற்பதைப் பக்கத்து வீட்டுத் திலகம் எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறாள்.

சவுக்காரம் பட்டால் அம்சவல்லிக்குக் கை வெடித்துவிடும். அதனால் பிசுக்குக்குச் சுடுகஞ்சி, கரிக்கு அடுப்புச் சாம்பல், வாடைக்கு எலுமிச்சைத் தோல். லயத்தில் எல்லா வீட்டுக்கும் கேஸ் வந்த பிறகும், சாம்பலுக்காகவே கொல்லையில் ஒரு விறகடுப்பு வைத்திருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டினார்கள். சமைக்கத் திலகம் தன் புது அலுமினிய அண்டாவைக் கொடுத்தாள். மறுநாள் திரிங்காப் ஊரில் திலகத்தின் மகளுக்கு வளைகாப்பு; அந்த அண்டாவில்தான் சம்பந்தி வீட்டில் பாயசம் காய்ச்ச வேண்டும். மலைக்குளிரில் ஆட்டுக்கொழுப்பு மெழுகாக உறைந்து கிடந்தது. அம்சவல்லி கஞ்சி ஊற்றித் தேய்த்தாள். பிறகு இரும்புக் குவாலிச் சட்டிக்குச் செய்வதுபோலவே ஈரச்சாம்பலை உள்ளே அப்பி, அப்படியே ஊறவிட்டுப் போனாள்.

விடிந்து பார்த்தால் அண்டா மழைமேகம்போலக் கறுத்திருந்தது.

“என்னக்கா இது?” என்றாள் திலகம்.

“இரும்புக்குச் செய்றதத்தான் செஞ்சேன். இது இப்படிக் கோவிச்சுக்கும்னு யாருக்குத் தெரியும்லா?”

“பத்து மணிக்கு லோரி வருது. இதத் தூக்கிட்டுப் போனா சம்பந்தியம்மா என் மகளத்தான் பேசும்.”

“அழுவுறத அப்புறம் அழு. வீட்ல இருக்கிற புளிய எடுத்துட்டு வா.”

புளியும் எலுமிச்சைத் தோலும் போட்டு, பாதி அண்டாத் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். நிறையத் தண்ணீர் ஊற்றினால் லோரி வருவதற்குள் கொதிக்காது. புளிப்பு மணத்தோடு எழுந்த ஆவி பனியோடு கலந்தது; எது ஆவி, எது பனி என்று தெரியவில்லை. இரண்டு பேரும் விறகைத் தள்ளியபடி அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரைக் கொட்டியபோது, அது நின்ற மட்டம்வரை அண்டா நிலாபோல வெளுத்திருந்தது. அதற்கு மேலே கறுப்பு. வெளியே லோரி ஹாரன் அடித்தது.

அம்சவல்லி வெளுத்த பாதியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். “பிசுக்கு இல்ல. மேல்பாதி என் கடன். அடுத்த ஞாயித்துக்கிழமை வெளுத்துத் தரேன்.”

திரிங்காப்பில் சம்பந்தியம்மா அண்டாவை எட்டிப் பார்த்தார். “கறுப்பு ரவிக்கை, வெள்ளைப் பாவாடை. உங்க அண்டாவும் வளைகாப்புக்கு உடுத்திட்டு வந்திருக்கு போல,” என்றார். வளையல் குலுங்க முதலில் சிரித்தது மகள்தான்.

அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு கொழுந்து அதிகமாகி எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பிறகு அது இருவருக்கும் விளையாட்டாகிப் போனது. “என் கடன் எப்படி இருக்கு?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அம்சவல்லி கேட்பாள். “வட்டி போட்டுக் கறுக்குது,” என்பாள் திலகம். போன வருடம் நெஞ்சுவலியென்று தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போன அம்சவல்லி திரும்பி வரவில்லை.

திலகத்திடம் புளி இருக்கிறது. அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு காலைப்பொழுது கொதிக்கவிட்டால் போதும். பேரனுக்கு முதல் பிறந்தநாள், இரண்டாவது பிறந்தநாள் என்று அதில் பாயசம் காய்ச்சியாயிற்று. ஒவ்வொரு முறையும் கழுவி, கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, மேல்பாதியை அப்படியே விட்டுக் கவிழ்த்து வைக்கிறாள்.