மல்லாவிக் கச்சானும் இருபத்தேழு நாடுகளும்

விவசாயிகளுக்கு விதிமுறை விளங்கப்படுத்துவது என்பது, மாணவர் எல்லோரும் ஆசிரியையை விட வயதில் மூத்தவர்களாக இருக்கும் வகுப்பை நடத்துகிற தொழில்.

வேர்க்கடலை என்று புத்தகத்தில் எழுதுவதை நாங்கள் கச்சான் என்போம். மல்லாவியில் ஒரு கச்சான் செய்கையாளர் சங்கத்தில் நான் வெளிக்கள உத்தியோகத்தர். தலைவி சிவமலர் அக்கா. ஐரோப்பாவில் ஒருவர் எங்கள் கச்சானை வாங்கச் சம்மதித்ததும், இந்த முறை அறுவடையை வியாபாரிகளுக்குக் கொடுக்காமல் சங்கத்துக்கே தாருங்கள் என்று அவா வீடு வீடாகப் போய்க் கேட்டா. சனமும் அவாவை நம்பிக் கொடுத்தது. அங்கே துறைமுகத்தில் பரிசோதித்துச் சரியில்லை என்றால் முழுவதும் திரும்பி வரும். பிறகு சிவமலர் அக்கா அந்த வீடுகளின் வாசல் படலையை எந்த முகத்தோடு திறப்பா?

அது நடக்காமல் பார்ப்பதுதான் என் வேலை. கூட்டம் வைத்து, விதி சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்பும் உத்தியோகத்தர்களே, இது உங்களுக்கும்தான்.

முற்றத்துத் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் கச்சானைக் கோது உடைக்கும் மெசினில் போட முதல் தண்ணீர் தெளிப்பார்கள். காய்ந்தபடி போட்டால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். கொஞ்சம் நனைத்தால் முழுசாக வரும், பார்க்கவும் வடிவாக இருக்கும். எல்லோரும் செய்வதுதான், யாரும் அதைப் பிழையென்று நினைத்ததில்லை. ஆனால் அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் எல்லை மிகவும் இறுக்கமானது. ஆகவே என்னுடைய முதல் பாடம், தண்ணீர் தெளிக்கக் கூடாது என்பது.

யோகராசா அண்ணை எழும்பினார். சங்கத்தில் அதிகம் கச்சான் போடுபவர் அவர். அதிகம் கேள்வி கேட்பவரும் அவரே. இது நான் வைத்த சட்டமில்லை, இருபத்தேழு நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து வைத்த சட்டம் என்று சொல்லி, பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி என்று விரல் மடித்துக் காட்டினேன். அவர் நான் மடித்து முடியும்வரை பொறுமையாக நின்றுவிட்டுக் கேட்டார்: "இருபத்தேழு நாட்டுக்காரரும் கூடியிருந்து யோசிச்சு, கடைசியில என்ர முற்றத்துத் தண்ணி வாளிக்கையோ வந்து நிக்கினம்?"

அங்கே ஆர் தலைவர்?

அடுத்த கூட்டத்தில் வேறொரு சிக்கல். சட்டம் போட்டவர் யாரென்று தெரிந்தால்தான் கேட்போம் என்றார்கள். இந்தக் கேள்வி வரும் என்று நான் படித்துக்கொண்டுதான் போனேன். ஆணைக்குழு ஒன்று இருக்கிறது, அது சட்டத்தை முன்மொழியும். பாராளுமன்றம் ஒன்று இருக்கிறது, அதற்கு எல்லா நாட்டுச் சனமும் வாக்குப் போடும். அமைச்சர்கள் கூடுகிற சபை ஒன்றும் இருக்கிறது, அதற்குத் தலைமை தாங்கும் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒரு நாடாக மாறிக்கொண்டு போகும். நான் சொல்லச் சொல்ல முன்வரிசையில் கொட்டாவி தொடங்கியது. பின்வரிசை எப்போதோ முடித்துவிட்டிருந்தது.

சிவமலர் அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினா. எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய செலவும் பொறுப்பும் மரியாதையும் அந்தக் குடும்பத்துக்கு, அடுத்த நாள் வேறு குடும்பத்துக்கு. அவா அதைத்தான் பிடித்துக்கொண்டா. "உபயகாரர் மாறுவினம், பூசை மாறாது. அவ்வளவுதான் ஐரோப்பா. பிள்ளை, நீர் அடுத்ததைச் சொல்லும்."

லண்டன் தம்பி

எங்கள் ஊரில் ஐரோப்பா தெரியாதவர் யாருமில்லை. அவரவர் தம்பி, தங்கச்சி, மச்சாள் எங்கே இருக்கிறார்களோ அதுவே அவரவர் ஐரோப்பா. எனவே சுவிஸ் இந்த ஒன்றியத்துக்குள் இல்லை என்று நான் சொன்னபோது ஒரு அக்கா என்னோடு கோபித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமல் போனா. நோர்வேயும் இல்லை என்றேன், இன்னொருவர் முகம் வாடியது.

யோகராசா அண்ணையின் தம்பி லண்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பரிசோதனையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தம்பிக்கு அனுப்புவோம், அவன் ஐரோப்பா முழுக்க விற்பான் என்று அண்ணை ஒரு திட்டம் சொன்னார். லண்டன்காரர் வாக்கெடுப்பு வைத்து ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டார்கள், இப்போது அது வேறு படலை, அங்கும் பரிசோதனை உண்டு, அங்கிருந்து மற்ற நாடுகளுக்கு அனுப்ப இன்னொரு சோதனையும் உண்டு என்று விளங்கப்படுத்தினேன். அண்ணைக்குத் தம்பி மேல்தான் சந்தேகம் வந்தது. "அவன் போகேக்க அவையெல்லாம் ஒண்டாத்தான் இருந்தவை. இவன் போய்த்தான் பிரிச்சவனோ தெரியேல்ல. இஞ்ச எங்கட வீட்டு வளவையும் பிரிச்சுப்போட்டுத்தான் போனவன்."

உடைந்த பருப்பு

சிரித்து முடிந்ததும் உண்மையான பிரச்சினைக்கு வந்தோம். எல்லோருடைய கச்சானும் ஒரே குவியலாகத்தான் போகும். ஒரு வீட்டில் தண்ணீர் தெளித்தாலும் முழுக் குவியலும் கெட்டது. ஆகவே தெளிப்பதில்லை என்பதற்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கையைத் தூக்கச் சொன்னோம். எல்லாக் கையும் எழும்பியது, யோகராசா அண்ணையின் கையைத் தவிர. அவருடைய மெசின் பழசு, தண்ணீர் இல்லாமல் போட்டால் மற்றவர்களுக்கு உடைவதைவிட அவருக்கு அதிகம் உடையும். சட்டம் எல்லோருக்கும் ஒன்று, நட்டம் மட்டும் எனக்கோ என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஒன்றியத்திலும் சில விடயங்களுக்கு ஒரு நாடு மாட்டேன் என்றால் மிச்சப்பேர் எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

மழை குறைந்த சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் கூட்டங்களில் இருந்து பழகிய சனம் இது. தண்ணீர் குறைந்த வருசத்தில் ஒருவர் வயலுக்குத் தண்ணீர் எட்டாமல் அவர் விதைக்க முடியாமல் போனால், விதைக்கிறவர்கள் தங்கள் வயலில் அவருக்கும் ஒரு துண்டு ஒதுக்கிக் கொடுப்பார்கள். சிவமலர் அக்கா அதே வழியைக் கச்சானுக்கும் கொண்டுவந்தா. எந்த வீட்டில் எவ்வளவு உடைந்தாலும், உடைந்த பருப்பு முழுவதும் சங்கத்தின் பொது நட்டம். அதை அல்வாச் செய்பவர்களுக்கு விற்று, வருவதை எல்லோரும் பங்கிடுவது. பணக்கார நாடுகளின் பணத்தில் வசதி குறைந்த பகுதிகளுக்குக் கை கொடுக்க ஒன்றியத்திலும் ஒரு நிதி உண்டு என்று நான் படித்திருந்தேன். ஆனால் அது இவ்வளவு கெதியில் முடிவாகியிருக்காது. யோகராசா அண்ணை கையைத் தூக்கினார். "நட்டத்தையும் பங்கு போடுறதெண்டா நானும் சங்கம்தான்."

படங்கு

தை மாதம் பாதி போய்விட்டது, இனி மழை இல்லை என்று நம்பிச் சங்கத்து முற்றம் முழுவதும் கச்சானைக் காயப் போட்டிருந்தோம். உடைந்த பருப்பை அல்வாக்காரருக்கு ஏற்றிப்போகத் தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்து வியாபாரி றஹீம் நானா தன் லொறியோடு வந்திருந்தார். வழக்கமாக எங்கள் ஊர்க் கச்சான் முழுவதையும் வாங்குகிறவர் அவர்தான். இந்த முறை அவருக்கு மிஞ்சியது உடைந்தது மட்டும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

திடீரென்று வானம் இருண்டு மழை துமிக்கத் தொடங்கியது. மழைக்கு மூட எங்களிடம் இருந்த படங்குச் சீலை பாதி முற்றத்துக்குத்தான் போதும். நனைந்தால் கப்பல் இல்லை, அத்தனை கச்சானும் மலிவு விலைக்கு றஹீம் நானாவிடம்தான் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாசலில் வாயில் கைவைத்து நின்ற சிவமலர் அக்காவுக்கும் தெரியும். றஹீம் நானா லொறியில் ஏறி, ஏற்றி முடித்த பருப்பு மூட்டைகளை மூடியிருந்த தன் பெரிய படங்கை அவிழ்த்துக் கீழே எறிந்தார். அவருடைய பருப்பு நனைய நனைய, எங்கள் கச்சானை மூடினோம். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை. "யாவாரம் வேற, மழ வேற தங்கச்சி. கதைக்காம அந்த மூலையப் புடிங்க."

சாக்கில் ஒரு பெயர்

சாக்கில் என்ன அச்சடிப்பது என்று வாங்குபவரின் ஆள் தொலைபேசியில் கேட்டார். நாட்டின் பெயரும் தொகுதி இலக்கமும் போதும், சட்டம் கேட்பது அதைத்தான் என்றார். மல்லாவி என்றும் போட வேண்டும் என்று சிவமலர் அக்கா பிடிவாதமாக நின்றா. அங்கே யாருக்கும் மல்லாவி எங்கே என்று தெரியாதே, எதற்கு என்று அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். போர் முடிந்து இந்தக் காணிகளில் கண்ணிவெடி எடுத்து முடியும்வரை தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில் காத்திருந்து, பிறகு முதல் உழவு உழுதவர்களில் அவா ஒருத்தி. தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, அவருக்குத் தமிழ் விளங்காது என்பதையும் பொருட்படுத்தாமல் நேரே சொன்னா: "தெரியாதெண்டபடியால்தானே எழுதச் சொல்லுறன்."

வாளி

கச்சான் போய்ச் சேர்ந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை சிவமலர் அக்கா கோயிலுக்குக் கூட யார் கண்ணிலும் படாமல் பின் ஒழுங்கையால்தான் போய்வந்தா. அப்படிப்பட்ட மனுசி ஒரு காலையில் நடுத்தெருவில் என் ஸ்கூட்டியை மறித்தா. கச்சான் சரி என்று முடிவு வந்துவிட்டது. ஒரு துறைமுகத்தில் உள்ளே விட்டால் இருபத்தேழு நாட்டுக்கும் போகலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் மறுபக்கம். அந்தக் கதவு எங்களுக்குத் திறந்துவிட்டது. இரண்டு பேரும் தெருவில் நின்று அழுதோம். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

இந்தப் போகத்துக்குப் புதிதாகச் சில குடும்பங்கள் சங்கத்தில் சேர்ந்திருக்கின்றன. அவர்களுக்கு வகுப்பெடுக்கப் போனேன். யோகராசா அண்ணை எனக்கு முன்பே வந்து, காயப் போட்ட கச்சானுக்குக் காவலாகக் கதிரை போட்டு இருந்தார். வெயிலில் வந்த களைப்பில் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தேன். மனுசன் கதிரை விழ எழும்பினார். "பிள்ளை, அங்கால தள்ளி நிண்டு குடியும்! இருபத்தேழு நாடு பாத்துக்கொண்டிருக்கு."

இருபத்தேழு நாடுகளையும் ஒரு மேசையில் இருத்தியவர்கள் பெரிய ஆட்கள்தான், ஆனால் யோகராசா அண்ணையைக் கை தூக்க வைத்த நாங்களும் குறைந்த ஆட்கள் இல்லை.