ஐந்தாவது சுவர்

வாய் நிறையப் பஞ்சோடு சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் எட்டி நீட்டி, பல் டாக்டரின் சுவரில் ஒரு வண்ணத் துண்டை வைத்துப் பார்க்கிறார் சாம்பிள். இடது கண் மூடியிருக்கிறது. அளவெடுக்க ஒரு கண் போதும், இரண்டும் சேர்ந்தால் சண்டை போட்டுக்கொள்ளும் என்பது அவர் கட்சி. டாக்டர் ஊசியைப் பிடித்தபடி காத்திருக்கிறார். பஞ்சை எடுத்ததும் சாம்பிளிடமிருந்து வருவது வலி முனகல் இல்லை.

"இந்த நீலத்தை மாத்துங்க டாக்டர். உள்ள வர்றவனுக்குப் பாதிப் பல்லு பயத்துலயே விழுந்துரும். இப்பல்லாம் மண்ணு நிறம்தான்."

வீட்டு உள்ளலங்காரக் கடையில் அவர் விற்பனையாளர். இடுப்பு வளையத்தில் மற்றவர்கள் சாவி மாட்டுவார்கள். இவர் மைக்கா, டைல்ஸ், மரம், சாயம் பூசிய அட்டை என்று விரல் நீளத் துண்டுகளாக மாட்டியிருக்கிறார். நடந்தால் கிலுகிலுவென்று சத்தம். பூனைக்கு மணி கட்டும் வேலையைப் பூனையே பார்த்துக்கொண்ட கதை. யாரும் வைக்காமல் தானாக ஒட்டிக்கொண்ட பெயர்தான் சாம்பிள். கடை முதலாளிக்கே அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று வராது.

அவர் வாயைத் திறந்தால் உலகத்து வீடுகளின் நிலவரம் தெரிந்துவிடும். சாம்பல் நிறம் செத்துவிட்டது. பளபளப்பு ஊரைவிட்டே ஓடிவிட்டது. "மூஞ்சி தெரிஞ்சா அது பழைய அலமாரி. தொட்டா சொரசொரன்னு இருந்தா புதுசு," என்பார். சமையலறைக்கு வாடின இலைப் பச்சை, கூடத்துக்குச் சுட்ட செங்கல், தலைமாட்டுக்கு வரிவரியாகச் செதுக்கிய மரப்பலகை. பூசிய மாதிரியும் பூசாத மாதிரியும் திட்டுத்திட்டாகத் தெரியும் சுண்ணாம்புச் சுவருக்குத்தான் இப்போது ஏக கிராக்கி.

"இது வேலை பாதியில நின்ன மாதிரி இருக்கே?" என்று ஒரு வாடிக்கையாளர் இழுத்தார்.

"பாதியில நிறுத்தத்தான் சார் ஆளே கிடைக்க மாட்டேங்குறான்," என்றார் சாம்பிள். ஆர்டர் விழுந்துவிட்டது.

கடையில் இப்படி வெளுத்து வாங்குகிறவரின் பருப்பு வீட்டில் வேகாது. வண்ண அட்டையில் ஒரு நிறத்துக்குத் 'தூங்கும் புறா' என்று பெயர் அச்சிட்டிருந்தால், அவர் மனைவி எட்டிப் பார்த்து, "இது தூங்கலைங்க, செத்து ரெண்டு நாளாச்சு," என்பார். 'பழைய தந்தம்' அவர் கணக்கில் 'தாத்தா பல்செட்டு'. 'காட்டுக் காளான்' வந்தபோது, "துவைக்காத சாக்ஸுன்னு தைரியமா எழுதச் சொல்லுங்க," என்றார். சாம்பிள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் எந்தப் புது அட்டை வந்தாலும் முதலில் வீட்டுக்குத்தான் எடுத்து வருவார். திட்டு விழாத நிறத்தை அவர் நம்புவதே இல்லை.

அந்த அம்மாள்தான், ஃபேனைத் துடைக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறி, மல்லாக்க விழுந்துவிட்டார். முதுகெலும்பில் விரிசல். முதுகுக்கு ஒரு பட்டை, கழுத்துக்கு ஒரு பட்டை. அசையாமல் மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எலும்பு கூடிவிடும், அதில் கவலையில்லை. வாய்தான் உடைந்துபோயிற்று. மாடிப்படி அதிரப் பேசுகிறவர், இப்போது எதைக் காட்டினாலும் ஒரே பதில்தான்: "நல்லாத்தான் இருக்கு."

கஞ்சி? நல்லாத்தான் இருக்கு. தலையணை? நல்லாத்தான் இருக்கு. சாம்பிள் பயந்து போய், வேண்டுமென்றே கேவலமான ஊதா ஒன்றைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே ஆட்டினார். அதுவும் நல்லாத்தான் இருந்தது. கடையில் நாள் முழுக்க அந்த வார்த்தைக்காகத் தொண்டை வறளப் பேசுகிறவர், அன்று ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை.

அறையை மாற்றினால் ஆள் மாறுவார் என்று முடிவு கட்டினார். நான்கு சுவரிலும் கட்டம் கட்டமாகப் பூசினார். கட்டில் உயரத்தில் தொடங்கிக் கண்மட்டம் வரை, காலை வெளிச்சத்துக்கு ஒன்று, விளக்கு வெளிச்சத்துக்கு ஒன்று. பகலில் துணைக்கு வரும் கொழுந்தியாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, அக்காவுக்கு ரூம் போடுறீங்களா, ஷோரூம் போடுறீங்களா?"

"நீ சும்மா இரு. இது கண்ணுக்கு மருந்து."

"யார் கண்ணுக்கு?"

அவர் காதில் விழவில்லை. வளையத்திலிருந்து ஒரு துண்டு கழன்று கட்டிலுக்கு அடியில் ஓடியிருந்தது. தவழ்ந்து போய் எடுத்தார். திரும்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. "யம்மா" என்று அப்படியே தரையில் மல்லாந்தார். மல்லாந்தவர் எழுந்திருக்கவில்லை.

அங்கிருந்து, கழுத்தைத் திருப்பாமல் பார்த்தால், அவருடைய கட்டம் ஒன்றுகூடத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் கூரை. ஓரத்தில் நீர்க்கசிவின் மஞ்சள் வளையம். நடுவில், குளிருக்காக நிறுத்திவைத்த ஃபேன். அதில் ஒரு இறக்கை பளிச்சென்று இருந்தது. மற்ற இரண்டிலும் கம்பளி போலத் தூசி. விழுந்த அன்று அம்மாள் எங்கே விட்டாரோ அங்கேயே நின்றது வேலை.

"அஞ்சாவது சுவரை மறக்காதீங்க மேடம்" என்று கூரையைக் காட்டித் தினமும் கடையில் பாடுகிறவர்தான். உபதேசமெல்லாம் ஊருக்கு.

"இதையா இத்தனை நாளா பாத்துட்டு இருக்கே?" என்றார் தரையிலிருந்தே.

கட்டில் மேலிருந்து பதில் வந்தது: "பின்ன, சினிமாவா ஓட்டுறாங்க?"

சாம்பிளின் இடுப்பு எங்கே பிடித்ததென்று அவருக்கே மறந்துவிட்டது. ஸ்டூலைத் தேடினார்.

"அந்தச் சனியன் வேணாம். மேசையை இழுத்துப் போடுங்க. முதல்ல அந்த ரெண்டு இறக்கையைத் துடைங்க. அது என்னைப் பாத்து நக்கலா சிரிக்குது."

கொழுந்தியாள் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டாள். அக்காவைக் கழுத்துவரை பழைய போர்வையால் மூடியபோது குரல் வந்தது: "மூஞ்சியையும் மூடிட்டா சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிரலாம்."

இறக்கைகள் சுத்தமாயின. அப்புறம் கூரையில் முதல் கட்டம், வாடின இலைப் பச்சை. "பூனை வாந்தி." இரண்டாவது, சுட்ட செங்கல். "வெயில்ல கிடந்த தக்காளி. தலையில விழுந்துரும்போல இருக்கு, அழிங்க." சாம்பிள் மேசைமேல் நின்று, சம்பளம் உயர்ந்தவர்போல ஒவ்வொரு திட்டையும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவதாக, எந்த நாகரிகத்திலும் சேராத, கடையில் யாரும் வாங்காமல் கிடந்த ஒரு கருநீலப் பச்சை. தாழ்வான கூரைக்கு இருட்டு நிறம் ஆகவே ஆகாது என்று அவரே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறார். கை போன போக்கில் பெரிதாகவே பூசிவிட்டார். இறங்கிவந்து, கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்து இடம் பிடித்து, அம்மாள் பக்கத்தில் மெல்ல மல்லாந்தார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டார்.

"என்ன?" என்றார்.

"இருங்க, யோசிக்கிறேன்."

மேலே திரண்டிருந்த ஒரு சொட்டு கழன்று சாம்பிளின் மூக்கில் விழுந்தது. அவர் அசையவில்லை. அம்மாள் கூரையிலிருந்து பார்வையை எடுக்காமலே, போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை உருவி, தடவித் தடவி அந்த மூக்கைக் கண்டுபிடித்து, சொட்டைக் கட்டைவிரலால் வழித்தார். வழித்ததை, மறுபக்கம் கைக்கு எட்டிய சுவரில், சாம்பிள் பார்த்துப் பார்த்துப் பூசிய கட்டங்களின் குறுக்கே நீளமாக இழுத்துத் துடைத்தார்.