புதுக் கரியும் ஒரு மெமோவும்

கரி கழுவும் பிரிவில் பதினான்கு வருடமாக இருப்பவளைத் தொழிற்சாலையில் எல்லோரும் கரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக் கம்பெனிகளுக்கு வினையூக்கி செய்து கொடுக்கும் இடம் அது. கழுவிய கரித்தூளின் மேல் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தைப் படிய வைப்பார்கள். பூட்டும் காவலும் மரியாதையும் உலோகத்துக்கு. கரிக்கு ஒரு தகரக் கொட்டகை.

படிய வைப்பவர் அவள் தங்கையின் கணவர். அவர் செய்த சரக்கு மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வினை நாலு மணி நேரம் இழுக்கிறதாம். சோதித்ததில் உலோகம் இம்மியும் குறையவில்லை. அப்படியானால் கைவேலையில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். வெள்ளிக்கிழமையோடு அவரை நிறுத்துவதாகப் பேச்சு.

கரியக்காவுக்கு மனம் உறுத்தியது. மூன்றும் சமீபத்தில் வந்த புதுக் கரியில் செய்தவை. பழைய கரி தண்ணீரில் பத்து நிமிடம் குமிழி விட்டு அடங்கும். புதுசு ஒரு மணி நேரம் விட்டது. இவ்வளவு தண்ணீர் குடிக்கும் கரி உலோகத்தையும் நன்றாக வாங்கிக்கொள்ளும் என்று நம்பி, அதையே வாங்கலாம் எனப் பெருமையாகக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

புதன்கிழமை காலை ஆய்வகத்து மேடத்திடம் போய் நின்றாள்.

"மாப்பிள்ளை மேல தப்பில்ல மேடம். என் மேலதான் இருக்கும்னு தோணுது."

குமிழி விஷயத்தைச் சொன்னாள்.

"காத்து வெளிய வரவே அவ்வளவு நேரம்னா, கரிக்குள்ள சந்தெல்லாம் ரொம்பக் குறுகலா இருக்கணும். உலோகம் அதுக்குள்ள போய் உக்காந்துடுச்சுன்னா, மருந்தா மாற வேண்டிய சரக்கு எப்படி உள்ள நுழைஞ்சு அதைத் தொடும்?"

மேடம் பேனாவை மூடினார். "இத முன்னாடியே ஏன்க்கா சொல்லல?"

"கரியைப் பத்தி யார் மேடம் கேட்டாங்க?"

மேடம் சிரித்துவிட்டார்.

கொட்டகையில் பழைய கரி அரை மூட்டை மிஞ்சியிருந்தது. மாப்பிள்ளையையே கூப்பிட்டு இரண்டு கரியிலும் சிறிதளவு செய்யச் சொன்னார்கள். அதே உலோகம், அதே அளவு, அதே கை. மறுநாள் சோதித்தபோது பழைய கரிச் சரக்கு ஐம்பது நிமிடத்தில் வேலையை முடித்தது. புதுசு மதியம்வரை இழுத்தது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை நிறுத்தப்படவில்லை. இனி எந்தக் கரி வந்தாலும் முதலில் சிறிதளவு செய்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே கரியக்காவுக்கு ஒரு மெமோ: கரித் தேர்வில் கவனக்குறைவு.

மாப்பிள்ளை அதை இரண்டு முறை படித்தார். "எனக்காக வாங்கிக்கிட்டீங்களேக்கா."

"எனக்கு வர வேண்டியது எனக்கு வந்துச்சு. போய்க் கையைக் கழுவுங்க, அடுத்த சரக்குக்கு நேரமாச்சு" என்றாள்.