பெட்டிக்குள் போன ஞாயிற்றுக்கிழமை

மேஜிக் ஷோ என்று எங்காவது ஒரு நோட்டீஸைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது. மலேசியாவில், சிரம்பான் பக்கத்து மம்பாவில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். ஆனாலும் மேடையில் ஒருவர் வெறுங்கையை விரித்துக் காட்டினால் போதும், நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவேன்.

இந்தப் பித்து சின்ன வயதில், கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிடித்தது. அப்பாவும் அம்மாவும் அங்கே ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார்கள். ஒரு தீபாவளிக்கு மறுநாள் பிற்பகல், தோட்டத்து மண்டபத்துக்கு ஒரு வித்தைக்காரர் வந்தார். மேலே பளபளக்கும் கோட்டு, காலில் ரப்பர் சிலிப்பர். யாராவது ஒரு கோழி தர முடியுமா என்று கேட்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் ஒற்றைக் கண் சேவல் ஒன்று இருந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரில் இருந்து தபால்காரர் வரை எல்லோரையும் கொத்தி வைத்த சேவல். ஆளுக்கு ஒரு பக்கமாக வளைத்து அதைப் பிடித்து வந்து கொடுத்தார்கள். அவர் அதை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் விட்டு மூடினார். துணியைப் போர்த்தினார், எடுத்தார், மூடியைத் திறந்து தகரத்தைக் கவிழ்த்தார். ஓர் இறகுகூட விழவில்லை. நாங்கள் வாயைப் பிளந்து நிற்கும்போது வெளியே, மண்டோருடைய மோட்டார் சைக்கிள் கூடையில் இருந்து அந்தச் சேவல் கூவியது.

அம்மா எப்போதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பவள். அன்று மூடவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மேடையைப் பார்ப்பதா, அம்மாவைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் குழாயடியில் பெரிய விவாதம். தகரத்துக்கு இரண்டு அடிப்பாகம் என்றார் ஒருவர். சேவலே இரண்டு என்றார் இன்னொருவர். “ரெண்டு சேவல் கிடைக்கும்டா, ரெண்டும் ஒத்தக் கண்ணா எப்படிக் கிடைக்கும்?” என்று மூன்றாமவர் மடக்கினார். நான் கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன். யாராவது சரியாகச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே இல்லை. வித்தை எனக்கு வேண்டும், விளக்கம் வேண்டாம்.

என்னைக் கட்டிக்கொண்டவர் எப்படிப்பட்டவர் தெரியுமா? செனவாங்கில் தொழிற்சாலை டெக்னீஷியன். மின்விசிறியோ மிக்சியோ, திறந்து பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணமான புதிதில் சிரம்பானில் ஒரு ஷோவுக்குப் போனோம். மேடையில் இருந்தவர் ஒரு ஜாடித் தண்ணீரைச் சுருட்டிய பேப்பருக்குள் ஊற்றிவிட்டு, பேப்பரை உதறிக் காட்டினார். நான் கைதட்டக் கையைத் தூக்குகிறேன், இவர் என் காதருகே குனிந்து எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார். நான் எழுந்து வேறு வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டார்: “என்ன லா கோவம்? உண்மையத்தானே சொன்னேன்.”

“உங்ககிட்ட யாருங்க உண்மையக் கேட்டா?”

அதற்குப் பிறகு வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் அவருக்குப் பிடிபட்டுவிட்டால் இடது புருவம் லேசாக ஏறும். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கம் உட்காருவேன். அப்படித்தான் இத்தனை ஆண்டுகளும் போயின. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வலி எண்ணெய் விற்பவர் நெருப்பை விழுங்கினாலும் நிற்பேன். கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே கோலாலம்பூருக்குப் போய், ஒரு வார்த்தைகூடப் பேசாத சீன வித்தைக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் நானும் பேசாமல் வந்திருக்கிறேன். அலுத்துக்கொண்டாலும் ஒரு ஷோவுக்குக்கூட இவர் என்னைத் தனியாக அனுப்பியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வருடம், தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கோலா சாவா பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் குடும்ப தினம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மேஜிக் ஷோ. படத்தில் கறுப்புக் கோட்டு போட்ட இளம்பெண் ஒருத்தி, ஆள் உயரச் சிவப்புப் பெட்டி ஒன்றில் சாய்ந்து நின்றாள். தமிழ்ப் பெண், அதுவும் மேஜிக்! அந்த வாரம் முழுக்க வேனில் வந்த பிள்ளைகளிடம் அதைத்தான் பேசினேன்.

எங்கே ஷோ என்றாலும் நான் முன்கூட்டியே போய்விடுவேன். ஆளில்லாத மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்காருவது எனக்குப் பிடிக்கும். அன்றும் அப்படித்தான். இவர் வெளியே மரத்தடியில் பழைய தோட்டத்து ஆட்களோடு தேத்தண்ணீர் குடிக்க நின்றுவிட்டார். நான் மண்டபத்துக்குள் போனேன். மேடையின் ஓரத்தில், சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், அந்தப் பெண் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கோட்டு போட்டிருந்தாள், முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

“என்னம்மா, ஏதாச்சும் தூக்கிக் குடுக்கணுமா?” என்று கேட்டேன்.

“இல்ல ஆன்ட்டி. தங்கச்சிக்கு காலையில இருந்து வாந்தி. படுக்கையில இருந்து எந்திரிக்கவே முடியல. அவதான் பெட்டிக்குள்ள போறவ.” பெட்டியை ஒரு முறை பார்த்தாள். “கயிறு, சீட்டு எல்லாம் செஞ்சிடுவேன். இத மட்டும் வேணாம்னு சொல்லிடணும்.”

ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே சின்ன முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பிறகு அவள் பார்வை என்மேல் தலையில் இருந்து கால்வரை ஓடியது. நான் குள்ளம், ஒல்லியும்கூட.

“ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

எனக்குப் புரிந்துவிட்டது. “உள்ள போனா எப்படின்னு தெரிஞ்சிடுமே” என்றேன்.

“தெரியும்தான். யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு நம்பறேன்.”

“சொல்றதப் பத்தி இல்லம்மா. எனக்கே தெரிய வேணாம்.”

அவள் நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒரு பிள்ளை இன்னொன்றைத் தூக்கிப் பிடித்துப் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறக்காமலே ஷோ முடிந்தால் அந்த முகங்கள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினேன்.

“காட்டும்மா. சீக்கிரம், மனசு மாறிடப் போவுது.”

அவள் கதவுகளைச் சாத்திவிட்டு ஜன்னல் திரைகளையும் இழுத்து மூடினாள். முதல் முறை முழங்கை இடித்துக்கொண்டது. அடுத்த முறை புடவை மாட்டிக்கொண்டது. அதற்கடுத்த முறை எல்லாம் சரியாக வந்தது, ஆனால் குனியும்போது என் முழங்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“பரவால்ல ஆன்ட்டி, அந்த நேரத்துல பாட்ட சத்தமா வச்சிடுறேன்.”

மண்டபம் நிரம்பியது. நான் ஒன்றும் அறியாதவள் போல இவருக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அவள் கயிற்றை வெட்டி ஒட்டினாள், பள்ளியின் தலைமையாசிரியருடைய கைக்கடிகாரத்தைக் காணாமல் ஆக்கி, அவருடைய சட்டைப் பையில் இருந்தே எடுத்தாள். நான் எப்போதும் போல மெய்மறந்து கைதட்டினேன். பெட்டியை நடுவே தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே போகத் தைரியம் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். பிள்ளைகள் அத்தனை பேரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“அந்தப் பச்சை சேலை ஆன்ட்டி!”

“ஐயோ, போகாத லா! நம்ம வயசென்ன?” என்றார் இவர். நான் அதற்குள் நடைபாதைக்கு வந்துவிட்டேன்.

பெட்டிக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே இருட்டு, புதுப் பலகையின் வாசனை. பாட்டு பெரிதாக ஒலித்தது. அதற்குப் பிறகு நான் செய்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவு சொல்லலாம். கொஞ்ச நேரத்தில் நான் மண்டபத்தின் பின் கதவுக்கு வெளியே, பிற்பகல் வெயிலில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். கதவின் மறுபக்கத்தில் பாட்டு நின்றது. பெட்டி திறக்கும் சத்தம். ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு அந்த மண்டபம் மொத்தமும் ஒரே மூச்சாக “ஆ…” என்றது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எப்படி என்பது தெரியும், என் முழங்கை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது, இருந்தும் மயிர்க்கூச்செறிந்தது. வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்து நானும் அதை எழுப்பியிருக்கிறேன். வெளியே நின்று ஒரு முறையும் கேட்டதில்லை. அது இத்தனை அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டால் போய்விடும் என்று நான் பயந்த அந்த வியப்பு போகவில்லை. இரட்டிப்பாகி நின்றது.

உடனே உள்ளே போக வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் தண்ணீர்க்கடை போட்டிருந்த பெண்ணிடம் ஓடி ஒரு சிராப் தண்ணீர், அதுதான் ரோஸ் சர்பத், கேட்டேன். அவள் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டி, உறிஞ்சுகுழலைச் செருகிக் கொடுத்தாள். “ஷோ முடிஞ்சிருச்சாக்கா?” என்று கேட்டாள். “இப்பதான் ஆரம்பம்” என்றேன்.

உள்ளே இவருடைய குரல் கேட்டது. “ஏய், எங்க அவ?” கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். மனுஷன் மேடைமேல் ஏறிவிட்டார்! பெட்டியின் பக்கங்களைத் தட்டுகிறார், கீழே குனிந்து பார்க்கிறார், பின்னால் சுற்றி வருகிறார். மண்டபம் சிரித்து உருண்டது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு புருவமும் நெற்றிக்கு ஏறி நின்றன.

அந்தப் பெண் மெதுவாகக் கையை நீட்டிப் பின் கதவைக் காட்டினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் கதவைத் தள்ளிக்கொண்டு, சிராப் தண்ணீரை உறிஞ்சியபடி, நடைபாதையில் நடந்து வந்தேன்.

“நீ… நீ எப்படி?” என்றார் இவர், மேடையில் இருந்து.

“தாகமா இருந்துச்சுங்க. தண்ணி வாங்கப் போனேன்.”

கூரைத் தகரம் அதிர்ந்தது. பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள். யாரோ விசிலடித்தார்கள். மேடைக்குப் போய்ச் சேருமுன் என் முதுகில் எத்தனை கைகள் தட்டின என்று தெரியாது. அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: “சிராப் தண்ணி என் தங்கச்சிக்குக்கூடத் தோணல ஆன்ட்டி!” நான் ஒரு கையில் பையைப் பிடித்தபடி, மறு கையை நெஞ்சில் வைத்துக் குனிந்து வணங்கினேன். அப்படி வணங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அது எனக்குப் பழகிப்போயிருந்தது.

மம்பாவ் திரும்பும் வழியெல்லாம் நான் வேனை ஓட்டினேன், இவர் துப்புத் துலக்கினார். மேடைக்குக் கீழே குழி என்றார். கண்ணாடி என்றார். கடைசியில் சந்தேகமாக என்னைப் பார்த்து, “ஒனக்கு ரெட்டப் பொறப்பு யாரும் இல்லையே?” என்று கேட்டார். நான் சிக்னல் போட்டு வளைவில் திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை வேனில் ஒரே அமைதி. எல்லாப் பிள்ளைகளும் போனில் வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். வழக்கமாகச் சண்டை போடும் பின் இருக்கைகூட என்னை மரியாதையாகப் பார்த்தது. “ஆன்ட்டி, ஓட்டும்போது மறைஞ்சிட மாட்டீங்கதானே?” என்று ஒரு பெண்பிள்ளை கவலையோடு கேட்டாள்.

தங்கச்சிக்கு உடம்பு தேறிவிட்டது. ஆனாலும் அக்காவும் தங்கையும் என்னை விடவில்லை. இப்போது நாங்கள் மூவர். பெட்டி கனம், தூக்க ஆள் வேண்டும், அங்கிளிடம் மட்டும் ரகசியத்தைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்ணே அனுமதி கொடுத்தாள். அதற்குள் இவர் வாரக்கணக்கில் யோசித்து இளைத்திருந்தார். சோற்றைப் பிசைந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“அந்தப் பொண்ணு சொல்லலாம்னு சொல்லிடுச்சு. சொல்லவா?”

ஆவலோடு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். சோற்றை ஓர் உருண்டையாக உருட்டிக்கொண்டே, “வேணாம் லா” என்றார். “சொல்லிட்டா அப்புறம் எனக்கு என்ன இருக்கு?”

திறக்காமல் ஒரு பொருளை விட்டுவைத்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. இன்றும் பெட்டியைத் தூக்க வருகிறார். உள்பக்கம் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று தலையைத் திருப்பிக்கொண்டுதான் தூக்குவார். வாசல் நிலையில் இடித்துக்கொண்டதும் உண்டு.

போன தீபாவளிக்கு சிரம்பானில் ஒரு பெரிய மண்டபத்தில் ஷோ போட்டோம். ஜொகூரில் இருந்து மகளும் மருமகனும் வந்து முன்வரிசையில், இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெட்டி திறந்தது. கோலா சாவாவில் கேட்டதைவிடப் பெரிய “ஆ…” எழுந்தது. அதில் இவருடைய குரல் எது, மகளுடைய குரல் எது என்று பிரித்தறிய முடிந்தது எனக்கு. அது முழுதாக அடங்கும்வரை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, விளக்கு வெளிச்சத்துக்குள் போனேன்.