அம்மா சொன்ன பன்னிரண்டு சொற்கள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று ஆயுத பூஜை. பிச்சாட்டூர் வீட்டில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், என் லேப்டாப் மிக்ஸிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருக்கிறது. அம்மா பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். பேட்டரி செத்த பழைய லேப்டாப், பிளக் போனால் அணைந்துவிடும்.

“எம்மா! இன்னா வேல செஞ்ச நீ? நேத்து சாயங்காலத்துலருந்து ஓடிக்கினு இருந்துச்சி!”

“அதான்டி நிறுத்துனேன். வருசத்துல ஒரு நாளு அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டும்.”

அது கற்றுக்கொண்டிருந்தது என் அப்பாவின், நைனாவின் பேச்சை. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வார்த்தை குழறிவிட்டது. அம்மாவுக்கு மட்டும்தான் புரியும், பெற்ற மகள் எனக்கே புரியாது. அம்மாவுக்கோ திருப்பதியில் கர்ப்பப்பை ஆபரேஷன், பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். “நான் இல்லன்னா அவரு தண்ணி கேட்டாகூட யாருக்குத் தெரியும்?” என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனாள். டாக்டர் சத்தம் போட்டுவிட்டார். அதற்காகத்தான், அவர் சொல்வதைக் கேட்டுத் திரையில் எழுத்தாகக் காட்டும் இந்த மாடல். நைனா என்னென்ன கேட்பார் என்று அம்மாவிடமே கேட்டுப் பன்னிரண்டு சொற்களைக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் அவரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பதிவு செய்தேன். பாவம், மனுஷன் சலிக்காமல் சொன்னார்.

பதிவுகள் பத்திரமாக இருந்தன. மாடல் கற்றதுதான் மொத்தமும் போச்சு. கடைசியில் ஒரே தடவை சேவ் செய்தால் போதும் என்று புரோகிராம் எழுதிய மகராசி நான்தான். ஒவ்வொரு பயிற்சிச் சுற்று முடிந்ததும் சேவ் செய்ய ஒரே ஒரு வரி வேண்டும், அதற்குச் சோம்பல். தப்பு என்னுடையது, கத்தியது அம்மாவிடம். அவள் குங்குமச் சிமிழோடு நின்றாள். கட்டிலிலிருந்து நைனா ஏதோ அதட்டினார்.

“இன்னாவாம்?”

“ஒண்ணுமில்ல. என்னத் திட்டக் கூடாதாம்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் அந்த வரியைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன். முடிந்ததும் சேவ் ஆன ஃபைலைப் போனுக்கு மாற்றி, அதில் லோடு செய்து, நைனாவை ‘சோறு’ சொல்லச் சொன்னேன். திரையில் சோறு என்றே வந்தது. அம்மா போனுக்குத் திருஷ்டி கழித்தாள். அடுத்த வாரம் சித்தியோடு திருப்பதிக்கு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை நைனா ஏதோ சொன்னார். போன் ‘தண்ணி’ என்று காட்டியது. கொடுத்தேன், தள்ளிவிட்டார். மறுபடியும் அதே சொல். இந்த முறை ‘போர்வை’. போர்த்தினேன், உதறினார். ஃபைல் சரியாக ஏறவில்லையோ என்று மறுபடி லோடு செய்து, பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டும் சரியாக வந்தன. நைனாவின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. பயந்துபோய், அவர் சொன்னதைப் பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

“எம்மா, இன்னா கேக்குறாரு? எங்கனா வலிக்குதாமா?”

அம்மா அதைப் போட்டுக் கேட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“என்னத்தான்டி கூப்புடுறாரு.”

அம்மா சொன்ன பட்டியலில் தண்ணி இருந்தது, மாத்திரை இருந்தது, ஃபேன்கூட இருந்தது. போனுக்குத் தெரிந்ததும் அந்தப் பன்னிரண்டுதான், எதைச் சொன்னாலும் அதில் ஒன்றைத்தான் காட்டும். தன்னைச் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கூப்பிடுவதற்கு முன்பே போய் நிற்கிறவளுக்கு எப்படித் தோன்றும்? எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஸ்பீக்கரைப் போட்டு, போனை நைனாவின் காதருகே வைத்தேன்.

“தோ இருக்கறேன், சொல்லுங்க. இன்னா வேணும்?” என்றாள் அம்மா.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தச் சொல்லையே இன்னொரு தடவை சொன்னார்.